ஆம்பூர் மண்ணில் ஆவாரம்பூக் காபி: குணமும் குறையும்

வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் போகிறவர்கள் ஆவாரஞ்செடியைப் பார்க்காமல் இருக்க முடியாது. தரிசிலும் குன்றடிவாரத்திலும் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமலேயே மஞ்சளாகப் பூத்து நிற்கும். பொங்கலுக்கு முந்தைய நாள் வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் சேர்த்துக் காப்புக் கட்டும் பூ இதுதான். இந்த வட்டாரத்தின் தோல் தொழிலுக்கு ஒரு காலத்தில் அடித்தளமாக இருந்ததும் இதே செடியின் பட்டைதான். குரோம் உப்பு வருவதற்கு முன், ஆவாரம்பட்டை ஊறிய குழிகளில் தோலைப் போட்டுப் பதப்படுத்தி, கடுக்காய்த் தண்ணீரில் முடித்து, சென்னைத் துறைமுகம் வழியாக லண்டனுக்கு அனுப்பினார்கள். ஐரோப்பியச் சந்தையில் அதற்குக் கிழக்கிந்தியத் தோல் என்று பெயர். 20ஆம் நூற்றாண்டில் தென்னாப்பிரிக்காவின் வாட்டில் பட்டையும் குரோமும் வந்து ஆவாரம்பட்டையை ஓரங்கட்டிவிட்டன.

பட்டைக்கு வேலை போனாலும் பூவுக்கு இப்போது மவுசு வந்திருக்கிறது. நாட்டு மருந்துக் கடைகளில் காய்ந்த ஆவாரம்பூ பொட்டலம் பொட்டலமாகப் போகிறது. பாலை விட்டவர்கள், பால் ஒத்துக்கொள்ளாதவர்கள், சர்க்கரை நோய்க்குப் பயந்தவர்கள் எனப் பலரும் காலையில் இதைத்தான் அடுப்பில் ஏற்றுகிறார்கள். சிலர் காபித்தூளே சேர்க்காமல் பூவோடு சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டு அதையே காபி என்று குடிக்கிறார்கள். இலங்கையில் இதே பூவை ரணவரா என்ற பெயரில் நெடுங்காலமாகக் கொதிக்கவைத்துக் குடித்து வருகிறார்கள். நான் இங்கே எடைபோட எடுத்துக்கொள்வது இன்னொரு வகையை: பூவை ஊறவைத்த வடிநீரில் காபி டிகாஷனைக் கலந்து, பால் இல்லாமல் வீட்டில் போடும் ஆவாரம்பூக் காபி. இதை நான் விரும்பிக் குடிக்கிறேன். அதனாலேயே, இதைப் பற்றிச் சொல்லப்படும் எல்லாவற்றையும் அப்படியே ஏற்க எனக்கு மனமில்லை.

முதலில் சுவை. பெரும்பாலான வீடுகளில் இந்தக் காபி முதல் நாளே தோற்றுப்போவதற்குக் காரணம் துவர்ப்பு. துவர்ப்பைத் தருவது டானின். டானினுக்குப் புரதத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும் குணம். பட்டைக் குழியில் நடந்தது அதுதான்: ஆவாரம்பட்டையின் டானின் தோலின் கொலாஜன் புரதத்தோடு பிணைந்து, அழுகும் தோலை அழுகாத தோலாக்கியது. நம் வாயிலும் அதே வேலைதான் நடக்கிறது. உமிழ்நீரில் இருக்கும் புரதங்களோடு டானின் பிணைந்துகொள்வதால் வழவழப்பு போய், நாக்கு வறண்டு இழுக்கிறது. பால் ஊற்றிய காபியில் இது தெரிவதில்லை. பாலின் கேசின் புரதம் முந்திக்கொண்டு அந்தப் பொருள்களைப் பிடித்துக்கொள்கிறது. நாக்குக்கு மிஞ்சுவது குறைவு. பாலை எடுத்துவிட்டால் இந்தப் பாதுகாப்பும் சேர்ந்து போய்விடுகிறது. பூவில் பட்டையளவு டானின் கிடையாது என்றாலும், காபியில் ஏற்கெனவே இருக்கும் துவர்ப்போடு சேரும்போது நாக்குக்கு நன்றாகவே உறைக்கும்.

ஆகவே பாலில்லாத காபியில் துவர்ப்பை அடக்க வேண்டியவர் போடுகிறவர்தான். இங்கேதான் வழக்கமான முறை தவறுகிறது. கஷாயம் போடுவதுபோலப் பூவைத் தண்ணீரில் போட்டு, பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவிடுகிறார்கள். மருந்துக்கு அது சரியாக இருக்கலாம்; காபிக்கு அது கேடு. பட்டைக் குழியில் வேலை செய்தவர்கள்கூடப் புதுச்சாற்றில் முதல் நாளே தோலை இறக்கமாட்டார்கள். சாரம் குறைந்த பழைய தண்ணீரில் தொடங்கி, படிப்படியாகக் காரமான குழிக்கு மாற்றுவார்கள். எடுத்த எடுப்பிலேயே காரமான சாற்றில் போட்டால் மேல்தோல் இறுகி, உள்ளே பதம் ஏறாது. தோலுக்குக் காட்டிய அந்தப் பொறுமையைப் பூவுக்கும் காட்ட வேண்டும்.

சரியாக வரும் முறை இது. பூவைப் பறித்ததும் காம்பையும் பச்சைப் புல்லிவட்டத்தையும் கிள்ளி எடுத்துவிட வேண்டும். கசப்பில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. மஞ்சள் இதழை மட்டும் துணியில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் நிறம் வெளுத்து, வைக்கோல் வாடை வந்துவிடும். 2 பேருக்கு ஒரு சின்னக் கைப்பிடி உலர்ந்த இதழ் போதும். 300 மில்லி தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, குமிழி அடங்கியபின் இதழைப் போட்டு மூடிவிட வேண்டும். 4 நிமிடத்தில் தண்ணீர் பொன்னிறமாக மாறியிருக்கும். அப்போதே வடிகட்டிவிட வேண்டும். பத்து நிமிடம் விட்டால் நிறம் செம்மண்ணுக்குத் திரும்பும், நாக்கும் இழுக்கும். வடித்த நீரில் ஆளுக்கு இரண்டு மேசைக்கரண்டி டிகாஷன். இதற்கு மேல் ஊற்றினால் பூ இருக்கிற இடமே தெரியாது.

வேலை மிச்சம் என்று சிலர் இதழைக் காபித்தூளோடு கலந்து ஃபில்டரின் மேல் அடுக்கிலேயே போட்டுவிடுகிறார்கள். டிகாஷன் இறங்க கால்மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரம் சுடுநீரில் கிடக்கும் பூ நன்மையைவிடக் கசப்பையே அதிகம் விடும். இரண்டையும் தனித்தனியாக இறக்கிக் கடைசியில் கலப்பதுதான் நல்லது.

தூள் விஷயத்திலும் பால் காபியின் பழக்கம் இங்கே செல்லாது. நம் கடைகளில் விற்கும் காபித்தூளில் சிக்கரி கலப்பது சட்டப்படியே நடக்கிறது. 49 சதவீதம்வரை கலக்கலாம், பொட்டலத்தில் அளவைப் போட்டால் போதும். பாலுக்கும் சர்க்கரைக்கும் நடுவே சிக்கரி கெட்டித்தன்மை தரும். பாலில்லாத இடத்தில் அது கருகிய கசப்பாகத் துருத்திக்கொண்டு நிற்கும். சிக்கரி இல்லாத, அதிகம் கருக்காத அராபிகாவே இதற்குப் பொருத்தம். ஏற்காட்டிலேயே அராபிகா விளைகிறது. நமக்கு அது தொலைதூரமும் அல்ல.

தண்ணீரை மறந்துவிடக் கூடாது. பாலாற்றங்கரையின் நிலத்தடி நீர் உப்பேறியது என்பது இங்கே குடியிருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போர் தண்ணீரில் போட்ட பால் காபியை எப்படியோ குடித்துவிடலாம். அதே தண்ணீரில் பூக்காபி போட்டால் முதல் வாயிலேயே உப்பும் சுண்ணாம்பும் தெரிந்துவிடும். எனவே ஆம்பூரில் இந்தக் காபி குடிக்க நினைப்பவர் குழாயில் வரும் காவிரித் தண்ணீரையோ கேன் தண்ணீரையோ நம்பித்தான் இருக்க வேண்டும். கேன் தண்ணீரைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பால் செலவு மிச்சம் என்று கணக்குப் போடுபவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

வெள்ளையாக இருந்தால்தான் காபி என்று மனம் கேட்பவர்கள் தேங்காய்ப்பால் ஊற்றிப் பார்க்கிறார்கள். இரண்டாம் பாலை வெதுவெதுப்பாக, கடைசியில் சேர்த்தால் திரியாது. கொதிக்கவிட்டால் எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும். சோயா பாலோ காபியின் புளிப்பும் சூடும் பட்டதும் பெரும்பாலும் திரிந்துவிடும். எப்படியானாலும் தேங்காயின் வாசம் ஆவாரம்பூவை விழுங்கிவிடும். பூவை மறைக்கத்தான் போகிறோம் என்றால் பூவைப் போடுவானேன்?

மணத்தைப் பொறுத்தவரை ஏமாற்றம் உண்டு. ஆவாரம்பூவுக்கு மல்லிகைபோல மணம் கிடையாது. அது தருவது நிறமும் மெல்லிய தேன்சாயலும்தான். மணமும் வேண்டும் என்று பன்னீர் ரோஜா இதழைச் சேர்ப்பவர்கள் பூக்கடை ரோஜாவைத் தொடவே கூடாது. மாலைக்கும் கொண்டைக்கும் விளைந்த பூவில் அடித்த பூச்சிமருந்து கழுவினால் போய்விடாது. வீட்டுத் தொட்டியில் பூத்தது இருந்தால் போடலாம். இல்லையென்றால் ஒரு ஏலக்காயோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இனி எனக்கு உண்மையிலேயே கவலை தரும் பகுதி. இந்தக் காபியைப் பலர் சுவைக்காகக் குடிப்பதில்லை. சர்க்கரைக்கு மருந்து என்று குடிக்கிறார்கள். ஆவாரை பூத்த ஊரில் சாவு வராது என்ற பொருளில் பழமொழியே இருக்கிறது. சித்த மருத்துவத்தில் நீரிழிவுக்கு ஆவாரைக் குடிநீர் என்று ஒரு மருந்தும் உண்டு. ஆனால் அது ஆவாரையோடு கொன்றை, நாவல், மருதம்பட்டை, கோரைக்கிழங்கு போன்ற சரக்குகளும் சேர்ந்த, மருத்துவர் அளவு சொல்லித் தரும் குடிநீர். காபிக் கோப்பையில் மிதக்கும் இதழுக்கும் அதற்கும் தூரம் அதிகம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் ஆவாரம்பூச் சாறு இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதாகக் காட்டினார்கள். சோதனை நடந்தது எலிகளில். அந்த ஆய்வை நான் மதிக்கிறேன். அதைக் காட்டி ஒருவர் மாத்திரையை நிறுத்துவதைத்தான் ஏற்க முடியவில்லை.

இன்னொரு முரண்பாடும் இருக்கிறது. சர்க்கரைக்காகக் குடிப்பவரே அதில் கருப்பட்டியைத் தாராளமாகப் போடுகிறார். வெள்ளைச் சர்க்கரையை விட்டாயிற்று என்ற நிம்மதி அவருக்கு. கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது கரும்புச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். அதிலுள்ள கொஞ்சம் தாது உப்பு இரத்தச் சர்க்கரை ஏறுவதைத் தடுக்காது. நீரிழிவுக்காரர் இந்தக் காபியை இனிப்பில்லாமல் குடித்தால் பயன் உண்டு: சர்க்கரை போட்ட பால் காபி ஒன்று குறைகிறதே, அந்தப் பயன். அதுவே பெரிய நன்மைதான். அதற்கு மேல் அற்புதம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஆபத்தும் இல்லாமல் இல்லை. 1981இல் வெளிவந்த இலங்கை ஆய்வு ஒன்று, ஈரலைக் கெடுக்கக்கூடிய பைரோலிசிடின் ஆல்கலாய்டு உள்ள நாட்டு மூலிகைகளின் பட்டியலில் ஆவாரையையும் சேர்த்தது. வலிப்பு நோய்க்குத் தரும் கார்பமசெபின் மருந்தோடு ஆவாரையைக் கொடுத்தபோது, எலிகளின் இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு கூடியதாக 2004இல் இன்னொரு ஆய்வு சொன்னது. ஒரு கோப்பை குடித்தால் ஈரல் போய்விடும் என்று யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் பூதானே, என்ன செய்துவிடும் என்று நாளுக்கு நான்கு வேளை குடிப்பதற்கும், கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் ஊற்றிக் கொடுப்பதற்கும் இந்த இரண்டு தகவல்களும் தடை போட வேண்டும்.

ஆம்பூரில் இதைச் சொல்லும்போது ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. விடிந்ததும் சமையலை முடித்து, டிபன் பாக்ஸை மூடி, கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும் பெண்ணுக்குக் காலைக் காபியில் ஊற்றும் பால்தான் பல நாள் முதல் ஆகாரம். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை. காபியும் துவர்ப்புள்ள பானங்களும் உணவோடு சேர்த்துக் குடிக்கும்போது இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கின்றன. பாலை எடுத்துவிட்டு, துவர்ப்பைக் கூட்டி, அதையும் இட்லியோடு சேர்த்துக் குடிப்பது இரத்தம் குறைந்த உடம்புக்குச் செய்யும் நல்லதல்ல. பாலை விடுகிறவர் அதற்கு ஈடாக ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ சுண்டலோ சாப்பிட வேண்டும். காபிக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். இதைச் சொல்லாமல் பால் இல்லாத காபியின் பெருமையை மட்டும் பேசுவது, வசதியாகச் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் பேசுவதாகும்.

கடைசியாக, பூ எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. கடையில் வாங்கும் பொட்டலத்தில் எங்கே பறித்தது, எப்போது உலர்த்தியது என்ற விவரம் பெரும்பாலும் இருப்பதில்லை. காம்பும் காயும் தூசியும் கலந்தே வருகின்றன. நாமே பறிக்கலாம் என்றால் இடம் பார்த்துப் பறிக்க வேண்டிய ஊர் இது. பாலாற்றில் தோல் கழிவு கலந்ததற்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கின் மண் இதுதான். கழிவுநீர் வாய்க்கால் ஓரத்திலும் பழைய கழிவு கொட்டிய இடத்திலும் செழித்துப் பூத்தாலும் அந்தப் பூவைப் பறிக்காதீர்கள். நெடுஞ்சாலை ஓரப் புழுதியில் நிற்கும் செடியையும் விட்டுவிடுங்கள். இனம் தெரியாதவர்கள் தனியாகப் பறிக்கவும் போக வேண்டாம். ஆவாரையின் இனத்திலேயே மஞ்சளாகப் பூக்கும் பேயாவரை உண்டு. அதன் விதையைத் தின்ற குழந்தைகள் மேற்கு உத்தரப் பிரதேசத்தில் உயிரிழந்திருக்கிறார்கள்.

வீட்டைச் சுற்றி நான்கடி மண் இருந்தால் ஆவாரஞ்செடி ஒன்றை வையுங்கள். நன்கு முற்றிய விதையின் தோலை லேசாக உரசி, இரவு முழுக்க ஊறவைத்து விதைத்தால் முளைக்கும். வேர் பிடித்தபின் தண்ணீரும் உரமும் அதிகம் கேட்காது. அந்தச் செடியில் பூத்ததைப் பறித்து, நிழலில் உலர்த்தி, காலையில் ஒரு கோப்பை போட்டுக் குடியுங்கள். மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இதைக் குடிப்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.