ஹஸன் என்ற பெயரில் மூன்று புத்தகங்கள்

எங்கள் மூத்தாப்பாவின் பெயர் ஹஸன். காணி உறுதியில் அவர் ‘அசனா லெப்பை’. வாக்காளர் இடாப்பில் வெறும் ‘அசன்’. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க ஒருமுறை நாள் முழுக்கக் கந்தோர் வாசலில் நின்றிருக்கிறார். உம்மா அடிக்கடி சொல்லும் கதை இது. அதனாலோ என்னவோ, அந்தப் பெயர் தென்படும் எந்தப் புத்தகத்தையும் நான் இலேசில் விடுவதில்லை.

முதலாவது நமக்கெல்லாம் தெரிந்தது. அறிஞர் சித்தி லெப்பை 1885இல் வெளியிட்ட, கதை என்றும் சரித்திரம் என்றும் இரு விதமாய் வழங்கப்படும் ‘அசன்பே’. எகிப்தில் பிறந்த குழந்தை களவாடப்பட்டுப் பம்பாய்க்கு வந்து, வளர்ந்து, கடைசியில் தன் குடும்பத்தையும் கண்ணியத்தையும் அடைகிறது. ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கம் என்ற மரியாதையோடு அதைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. கடத்தப்பட்ட ஒரு முஸ்லிம் பிள்ளை தன் பெயரையும் வேரையும் திரும்பப் பெறுகிறான் என்பதை மட்டும் இங்கே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் மற்ற இரண்டு புத்தகங்களும், உண்மையிலேயே கடத்தப்பட்ட ஒரு ஹஸனைப் பற்றியவை. அல்-ஹஸன் இப்னு முஹம்மத் அல்-வஸ்ஸான். கிரனடாவில் பிறந்தார். அந்நகர் 1492இல் வீழ்ந்த காலத்தில் குடும்பம் மொரோக்கோவின் ஃபெஸ் நகருக்குப் பெயர்ந்தது. அங்கே கற்று, சுல்தானின் தூதராகத் திம்புக்துவும் கெய்ரோவும் கண்டவர். 1518இல் திரும்பி வரும் வழியில் ஸ்பானியக் கடற்கொள்ளையர் பிடித்துப் பாப்பரசர் பத்தாம் லியோவுக்குக் காணிக்கையாகக் கொடுத்தார்கள். ரோமில் சிறை, 1520 ஜனவரி 6ஆம் திகதி ஞானஸ்நானம். வைத்த பெயர் ஜொவான்னி லியோனே தே மெடிச்சி. ஜொவான்னி பாப்பரசரின் பிள்ளைப் பெயர், லியோனே அவரது பதவிப் பெயர், மெடிச்சி அவரது குடும்பப் பெயர். அந்த மனிதனுடையது என்று அதில் ஓர் எழுத்தும் இல்லை. ஆபிரிக்காவைப் பற்றி அவர் இத்தாலிய மொழியில் எழுதிய நூல் 1550இல் வெனிஸில் அச்சேறியபின் ஐரோப்பா அவரை ‘லியோ ஆபிரிக்கானுஸ்’ என்றே அறிந்தது.

லெபனானில் பிறந்து பிரான்ஸில் வாழும் அமீன் மஅலூஃப் 1986இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய நாவல் அந்தப் பெயரையே தலைப்பாகச் சூடியது. வரலாற்றாசிரியை நட்டாலி ஸீமோன் டேவிஸ் 2006இல் ஆங்கிலத்தில் எழுதியது வாழ்க்கை வரலாறு.

மஅலூஃபின் நாவல் கையில் எடுத்தால் கீழே வைக்க விடாது. ஹஸன் தன் மகனுக்குச் சொல்வதாக, ஹிஜ்ரி வருடம் ஒவ்வொன்றுக்கும் ஓர் அத்தியாயம் என்று போகிறது. கிரனடாவின் கடைசி நாட்களை வாசிக்கையில் தொண்டை அடைத்தது. இடம்பெயர்ந்து திரிந்த எவருக்கும் அடைக்கும். ஆனாலும் எனக்கு இரண்டு குறை. போகிற ஊருக்கொரு பெண் வருகிறாள், ஊர் மாறியதும் போய்விடுகிறாள். அதைக்கூட நாவல்காரனின் சுதந்திரம் என்று விடலாம். மற்றது விட முடியாதது. எந்த நாடும் எந்த ஊரும் எந்தக் குலமும் எனக்கில்லை, நான் பாதையின் பிள்ளை என்ற தொனியில் இந்த ஹஸன் ஆரம்பத்திலேயே பேசுகிறார். கேட்க அழகு. அது இருபதாம் நூற்றாண்டுப் பாரிஸின் குரல் என்பது டேவிஸைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

டேவிஸ் காட்டும் கையெழுத்தைப் பாருங்கள். 1524இல் யாகோப் மன்டினோ என்ற யூத வைத்தியருக்காக ஹஸன் தயாரித்த அறபுச் சொல்லகராதியின் முடிவில், ரோமில் இருந்துகொண்டே, அறபியில் பெயர் எழுதுகிறார்: கிரனடாவைச் சேர்ந்த யூஹன்னா அல்-அஸத், முன்னர் ஃபெஸைச் சேர்ந்த அல்-ஹஸன் இப்னு முஹம்மத் அல்-வஸ்ஸான் என அழைக்கப்பட்டவர். அஸத் என்றால் சிங்கம், லியோவின் அறபு. பாப்பரசர் கொடுத்த பெயரைத் தன் மொழிக்கு இழுத்துக்கொண்டு, அதன் பக்கத்திலேயே வாப்பா வைத்த பெயரையும் உட்கார வைத்துவிட்டார். ஊரில்லாதவனா இவன்? ஒன்றுக்கு இரண்டு ஊரைச் சுமந்திருக்கிறான்! (வஸ்ஸான் என்றால் நிறுப்பவர். நம் மையவாடியில் நடும் மீஸானுக்கும் அதே வேர்தான்.)

இன்னொன்று. 1526இல் முடித்த ஆபிரிக்க நூலின் கையெழுத்துப் படியில் தன்னைப் பற்றிப் பேசும்போது அவர் ‘நான்’ என்று எழுதுவதைத் தவிர்த்து, ‘நூலைத் தொகுத்தவர்’ என்றே ஒதுங்கி நிற்கிறார். அச்சிட்ட ரமூஸியோதான் அதை ‘நான்’ ஆக்கினார். நானூறு வருடம் கழித்து மஅலூஃப் அந்த ‘நானை’ ஒரு முழு நாவலாக விரித்தார். ரோமில் ‘நான்’ என்று எழுதினால், அடுத்த சொல் கிறிஸ்தவனா முஸ்லிமா என்று கேட்கும். அதனால் அந்த மனிதர் அந்தச் சொல்லையே ஒளித்துவைத்தார் என்றுதான் எனக்குப் படுகிறது.

டேவிஸிலும் சலிப்பு உண்டு. ‘இருக்கலாம்’, ‘நினைத்திருப்பார்’ என்று வருமிடமெல்லாம் பென்சிலால் கோடு போடத் தொடங்கி, கை சோர்ந்து விட்டுவிட்டேன். ஆனால் அந்த ‘இருக்கலாம்’கள் நேர்மையானவை. ஆதாரம் எங்கே முடிந்து ஊகம் எங்கே தொடங்குகிறது என்று வாசகனுக்குத் தெரிகிறது. சரளமான நாவலில் அந்தத் தையல் தெரியாது.

இதை எங்கள் ஊர் மௌலவி ஒருவரிடம், நல்ல சிநேகிதர், சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரி மாஸ்டர், இந்த மனிசன் ஈமானோட மௌத்தானாரா இல்லையா? முதல்ல அதச் சொல்லுங்க” என்றார். நியாயமான கேள்வி. நிர்ப்பந்திக்கப்பட்டு, உள்ளம் ஈமானில் உறுதியாக இருப்பவருக்கு விலக்களிக்கும் சூறா அந்-நஹ்லின் 106ஆம் வசனத்தை அவரே எடுத்துக் காட்டினார். கிரனடா முஸ்லிம்களுக்கு 1504இல் அல்-மஃராவி என்ற முஃப்தி வழங்கிய ஃபத்வாவை நான் சொன்னேன்: வெளியே ஒன்றைச் செய்தாலும் உள்ளே தீனைக் காத்துக்கொள்ள வழிசொன்ன ஃபத்வா. டேவிஸும் ஹஸனை அந்த வெளிச்சத்தில்தான் பார்க்கிறார்.

1527இல் படைகள் ரோமைச் சூறையாடின. அதற்குப் பின் அவர் வட ஆபிரிக்காவுக்குத் திரும்பினார் என்றே டேவிஸ் கருதுகிறார். 1532இல் துனிஸில் இருப்பதாக ஒரு தகவல். பிறகு எதுவுமில்லை. திரும்பியபின் எழுதிய ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை. அசன்பேக்குச் சித்தி லெப்பை கொடுத்த முடிவு இந்த ஹஸனுக்கு வாய்த்ததாகத் தெரியவில்லை. ஏழெட்டு வருடம் பாப்பரசரின் பெயரில் வாழ்ந்துவிட்டு வந்தவரை ஃபெஸ்காரர் எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள்? மஅலூஃபின் நாவல் கப்பல் கரையை நெருங்கும்போதே முடிந்துவிடுகிறது. எனக்கு அங்கேதான் இன்னொரு நாவல் தொடங்க வேண்டும்போலிருக்கிறது.

இரண்டையும் வாசிக்க நினைப்பவர்கள் டேவிஸைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மஅலூஃபை நம்ப வேண்டும். அப்போதுதான் அந்தக் கையெழுத்தைக் காணும்போது திடுக்கிடும். என் பிரதி மௌலவியிடம் கிடக்கிறது. மூன்று மாதமாகத் திருப்பித் தரவில்லை.