முகவரியும் முகமும்

காரைக்காலில் நான் போய்வந்த பிரௌசிங் சென்டரில் எட்டுக் கணினி, ஒரே இணைப்பு. துபாயிலிருக்கும் மகனோடு பேச வந்த அம்மா, ரிசல்ட் பார்க்க வந்த பையன், துண்டறிக்கையை மெயிலில் அனுப்ப வந்த நான், எல்லாருக்கும் வெளியே ஒரே ஐ.பி. எண்தான். வாசலில் ஒரு நோட்டு. ‘பேரு எழுதிட்டு உக்காருங்க.’ மத்திய அரசின் 2011 விதிகள் அப்பதிவேட்டை ஓராண்டு வைத்திருக்கச் சொல்லின. எண்ணை வைத்து ஆளைச் சொல்ல முடியாது என்று அரசே கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமாகத்தான் அந்த நோட்டை நான் வாசிக்கிறேன்.

சென்டரில் எட்டுப் பேர் என்றால் இணைய நிறுவனத்தில் ஆயிரக்கணக்கானோர். நிறுவனம் நடுவில் ஒரு பிராக்ஸியை நிறுத்தினால், இணையதளத்தில் பதிவாவது பிராக்ஸியின் எண். பழைய ஐ.பி. முறையில் மொத்த முகவரிகளே சுமார் 430 கோடி. அதனால் செல்போன் நிறுவனங்களும் ஒரு எண்ணைப் பலருக்குப் பங்கிடுகின்றன. நொடி பிசகாத நேரமும் போர்ட் எண்ணும் சேர்ந்தால்தான் இன்ன இணைப்பு என்று பிரிக்கலாம். அப்போதும் கிடைப்பது பணம் கட்டியவர் பெயர். தட்டிய விரல் யாருடையது?

கத்தாரின் இணையப் போக்குவரத்து ஒருகாலத்தில் ஏறக்குறைய முழுவதும் ஒரே எண் வழியே வெளியேறியது. 2007 புத்தாண்டையொட்டி, அதிலிருந்து யாரோ செய்த விஷமத்துக்காக விக்கிப்பீடியா அந்த எண்ணைத் தடுத்தது. சில மணி நேரம் ஒரு நாடே, கணக்கில்லாமல் அங்கே எழுத முடியாமல் போயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில், ஆர்குட்டில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தியதாகப் பெங்களூரு மென்பொருள் ஊழியர் ஒருவரைப் புணே போலீஸ் பிடித்துச் சென்றது. இணைய நிறுவனம் காட்டிய முகவரி தப்பு. அது தெளிவாவதற்குள் 50 நாள் சிறை. முன்னதில் ஒருவனுக்காகக் கூட்டம் தண்டிக்கப்பட்டது. பின்னதில் கூட்டத்திலிருந்து ஒருவர் பொறுக்கியெடுக்கப்பட்டார். தர்க்கம் ஒன்றே: முகவரியே ஆள்.

போலீஸ்காரர் ‘ஏய்’ என்று கூப்பிட, திரும்புகிறவன் அக்கணமே தன்னிலையாகிறான் என்றார் அல்தூசர். இங்கே யாரும் திரும்பக்கூட வேண்டாம். எண் அழைக்கப்படுகிறது; அதனருகில் நிற்பவர் குற்றவாளியாகக் கட்டமைக்கப்படுகிறார்.

நம் பக்கமும் ஒரு மயக்கம் இருந்தது. கூட்டத்துக்குள் பெயரற்றிருப்பதே விடுதலை என்று பேசினோம், நானும் பேசினேன். பெயர் மறைக்கிற தேவை பொய்யல்ல. 2012 அக்டோபரில் புதுச்சேரியில் ஒரு ட்விட்டுக்காகக் கைதே நடந்தது. அதற்குப் பயன்பட்ட 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015இல்தான் ரத்து செய்தது. ஆனால் தப்பான ஆளைப் பிடித்துவிட்டார்கள் என்று நிரூபிக்கவும் பதிவேடுதானே வேண்டியிருக்கிறது? இதைக் காட்டியே கண்காணிப்புக்கு நியாயம் கற்பிக்கிறார்கள். 2022இல் செர்ட்-இன் பதிவுகளை 180 நாள் சேமிக்க ஆணையிட்டது. அப்பாவியைக் காக்க எல்லாரையும் எழுதிவை என்கிற இந்த வலையில் நாம் விழ வேண்டியதில்லை. நாம் கோர வேண்டியது இது: எண் துப்பாக இருக்கட்டும், அதை மட்டுமே வைத்து யாரையும் கைது செய்யக் கூடாது.

1962இல் ஒப்பந்தம் அமலானபோது, இவ்வூரில் பிறந்தவர்களில் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்தவர் பிரெஞ்சுக் குடிமகனாக நீடித்தார், எழுதாதவர் இந்தியரானார். ஒரே கதவிலக்கத்தில் அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு என்று இருக்க முடிந்த ஊர் இது. நாளை ஒரு எண்ணோடு போலீஸ் வந்து நின்றால், ‘சரிங்க, உள்ள உக்காந்திருந்தது யாரு?’ என்று முதலில் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.