இரண்டு கிலோ கடன்

என் மேஜை டிராயரில் ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் கிடக்கிறது. மேலே பேனாவால் 'அவரை, நாட்டு ரகம்' என்று எழுதியிருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த மரபுத் திருவிழாவில் வாங்கியது. வாங்கின அன்றைக்கு இருந்த உற்சாகத்தில் மறுநாளே மொட்டைமாடியில் பந்தல் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. ஆடி வந்தது, போச்சு. இன்னொரு ஆடியும் வந்தது, போச்சு. பழைய கரன்ட் பில்களுக்கும் மை தீர்ந்த பேனாக்களுக்கும் நடுவில் அந்த அவரை இன்னமும் தூங்குகிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும். விதை இல்லாவிட்டால் பரணில் ஒரு மண்சட்டி. அதுவும் இல்லாவிட்டால் ஒரு மஞ்சப்பை. என் வீட்டில் மட்டும் பதினொரு மஞ்சப்பைகள் சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு விழாவிலும் ஒன்று கொடுத்துவிடுகிறார்கள். காய்கறி வாங்க மார்க்கெட்டுக்குப் போகும்போது மட்டும் பதினொன்றும் வீட்டிலேயே இருந்துவிடும்.

இந்தத் திருவிழாக்கள் இப்போது அநேகமாக எல்லா ஊரிலும் நடக்கின்றன. 'தற்சார்பு', 'மரபு', 'இயற்கை' ஆகிய மூன்று வார்த்தைகளில் இரண்டாவது பேனரில் இருக்கும். வாசலில் கம்பங்கூழ். உள்ளே மரச்செக்கு எண்ணெய், கைத்தறித் துண்டு, கருப்பட்டி மிட்டாய். ஒரு மூலையில் சோப்பு செய்யும் பயிற்சி, முக்கால் மணி நேரம். இன்னொரு மூலையில் குழந்தைகள் விதைப்பந்து உருட்டுகிறார்கள். மேடையில் ஒருவர் நாம் சாப்பிடுவதெல்லாம் விஷம் என்று சொல்லிக்கொண்டிருப்பார். கீழே நாம் தலையாட்டியபடி தினை லட்டு தின்றுகொண்டிருப்போம்.

நான் கிண்டல் செய்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையை மாலில் கழிக்காமல் பிள்ளைகளுக்கு இங்கே ராட்டையையும் செக்கையும் காட்டுகிறவர்களை மதிக்கிறேன். சொந்தக் காசைப் போட்டு இந்த விழாக்களை நடத்தும் இளைஞர்களை இன்னும் அதிகமாகவே மதிக்கிறேன். ஆனால் சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம், ஓட்டல் சாம்பாருக்கு எழுதுகிறோம், நம் வாழ்க்கையையே மாற்றப்போவதாகச் சொல்லும் விழாவுக்கு மட்டும் எழுதாமல் விட்டால் எப்படி?

என் புகார் ஒன்றே ஒன்றுதான். நான் அங்கே வாடிக்கையாளனாக உள்ளே போனேன், வாடிக்கையாளனாகவே வெளியே வந்தேன். முன்பு பாக்கெட் எண்ணெய் வாங்கினேன், இப்போது செக்கெண்ணெய். கடை மாறியிருக்கிறது, நான் மாறவில்லை. பை நிறையப் பொருள் வந்தது, ஒரு வேலைகூடக் கைக்கு வரவில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு விழாவும் நம் தமிழ்நாட்டில்தான் நடந்தது. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கம் என்று ஒரு கிராமம். அங்கே 2006-ல் நெல் திருவிழாவைத் தொடங்கினார் ஜெயராமன். அதே பக்கத்துக் கட்டிமேட்டுக்காரர், நம்மாழ்வாரோடு சேர்ந்து அலைந்தவர். பிற்பாடு ஊரே 'நெல்' ஜெயராமன் என்று கூப்பிட்டது. மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், குழியடிச்சான், கறுப்புக் கவுனி என்று 174 பாரம்பரிய ரகங்களை மீட்டவர் என்று அவரைச் சொல்வார்கள்.

அந்த எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர் வைத்திருந்த விதி. விழாவுக்கு வரும் விவசாயிக்கு இரண்டு கிலோ விதைநெல் கொடுப்பார்கள். காசு வேண்டாம். அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அவ்வளவுதான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த விதையை டிராயரில் போட முடியாது. போட்டால் அடுத்த வருஷம் எந்த முகத்தோடு போவது? விதைத்தாக வேண்டும், களை பார்த்தாக வேண்டும், பக்கத்து வயல் ரகத்தோடு கலக்காமல் அறுத்துத் தனியாகக் காயவைத்தாக வேண்டும். வந்தவரை அந்த விழா கடனாளியாக்கி அனுப்பியது. கடன் என்றால் நமக்கு வட்டிக்கடை ஞாபகம்தான் வரும். ஆனால் இது வேறு மாதிரிக் கடன். வாங்கினவனுக்கு ஒரு வேலையையும், திரும்பி வர ஒரு காரணத்தையும் கொடுக்கிற கடன்.

சுமையான கடனும் இல்லை. ஒற்றை நாற்று முறையில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் மூன்று கிலோ விதையே போதும். இரண்டு கிலோவைச் சரியாக வளர்த்தவர் வீட்டுக்குப் பல நூறு கிலோ நெல் வரும். அதில் நான்கு கிலோ போவது தெரியக்கூடத் தெரியாது. ஆனால் அந்த நான்கு கிலோ அடுத்த வருஷம் இரண்டு பேருக்குப் போகும். அதற்கடுத்த வருஷம் நான்கு பேருக்கு. இப்படியே இரட்டித்தால் பத்தாவது வருஷம் ஒரு பொட்டலம் 1024 பொட்டலம். காகிதக் கணக்குதான், வயலில் மழையும் எலியும் குறுக்கே வரும். பாதிக்குப் பாதி போனாலும் அது பெரிய கணக்கே.

ஏன் இந்த அவசரம், விதையைப் பத்திரமாக மூட்டை கட்டி வைத்தால் ஆகாதா? ஆகாது. நெல் விதை உயிருள்ள சாமான். நம்ம ஊர் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் சாதாரணமாகச் சேமித்த விதைநெல்லின் முளைப்புத்திறன் ஒன்றிரண்டு வருஷத்தில் விழுந்துவிடும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைக் குளிர் அறைகளில் வைத்துக் காக்கிறது. அது அவசியமான வேலை. ஆனால் குளிர் அறை விதையை மட்டும்தான் காக்கும். எந்த மண்ணுக்கு எந்த ரகம், எப்போது நாற்று விட வேண்டும், எந்த வைக்கோலை மாடு விரும்பித் தின்னும் என்பதெல்லாம் வருஷா வருஷம் விதைக்கிறவர் தலையில்தான் இருக்கிறது. விதைப்பதை நிறுத்தினால் அவரோடு அதுவும் போய்விடும்.

இந்த விதியிலும் பிடிப்பவர்களுக்குப் பிடி உண்டு. பழைய ரகங்கள் பல உயரமானவை. யூரியா போட்டால் சாய்ந்துவிடும். மாப்பிள்ளைச் சம்பா வயலில் ஐந்து மாசத்துக்கு மேல் நிற்கும், அதுவரை தண்ணீர் வேண்டும். குட்டையான ஐ.ஆர்.8 1966-ல் வெளிவந்து ஆசியா முழுக்கப் பரவியதற்கு விளைச்சல் என்கிற நியாயமான காரணம் இருந்தது. பசித்த நாட்டுக்கு அது சோறு போட்டது. அதை மேடையில் வில்லனாக்கிக் கைதட்டல் வாங்குவது சுலபம். ஆதிரெங்கத்தின் வழி வேறு. விவசாயி தன் நிலத்தில் ஒரு மூலையில் போட்டுப் பார்த்துத் தானே முடிவு செய்யட்டும் என்று இரண்டு கிலோவோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த நிதானம் எனக்குப் பிடிக்கிறது.

ஜெயராமன் 2018 டிசம்பர் 6-ம் தேதி புற்றுநோயில் காலமானார். 2019-ல் அவர் இல்லாமல் நெல் திருவிழா நடந்தது. நடத்தியவர் போன பிறகும் ஒரு விழா நடந்தால், வந்தவர்களில் சிலராவது அதைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

சட்டமும் இதற்கு இடம் கொடுக்கிறது. 2001-ம் வருஷத்துப் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டப்படி விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். பதிவான ரகத்தை பிராண்ட் பெயர் போட்டு விற்பதற்குத்தான் தடை. எத்தனை விழா மேடைகளில் இதைச் சொல்கிறார்கள்? நான் போனவற்றில் ஒன்றில்கூடச் சொல்லவில்லை.

'சார், நாங்க ஃபிளாட்டில் இருக்கிறோம். எங்களுக்கு ஏது வயல்?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வயல் வேண்டாம். அந்த விதியின் உயிரை எங்கேயும் பொருத்தலாம். நான் போன மண்டபத்தில் ரிப்பேர் மூலை ஒன்று இருந்தது. மக்கர் பண்ணும் மிக்ஸியைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு, கூழ் குடித்துவிட்டு வந்தால் ஓடும் மிக்ஸி கையில் கிடைக்கும். நல்ல சேவை. எங்கள் தெருவில் குடை ரிப்பேர்காரரும் சாணை பிடிப்பவரும் முன்பு செய்ததும் இதையேதான். ஆனால் இதே யோசனையை 2009 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டினா போஸ்ட்மா என்ற பெண்மணி 'ரிப்பேர் கஃபே' என்று தொடங்கியபோது அதில் ஒரு சின்னத் திருப்பம் வைத்தார். சாமானைக் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது. பழுது பார்ப்பவர் பக்கத்திலேயே உட்கார வேண்டும், ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வாங்கிக் கூடவே வேலை செய்ய வேண்டும். இன்றைக்கு அது பல நாடுகளில் நடக்கிறது. டோக்கனுக்கும் பக்கத்து நாற்காலிக்கும் உள்ள வித்தியாசம்தான் சேவைக்கும் தற்சார்புக்கும் உள்ள வித்தியாசம்.

விதைப்பந்தையும் இப்படிப் பார்க்கலாம். களிமண்ணில் விதையை உருட்டுகிற பழைய முறைக்குப் புது உயிர் கொடுத்தவர் ஜப்பானிய விவசாயி மசானபு ஃபுகோகா. தன் சொந்த வயலில், பறவைகள் விதையைப் பொறுக்கிவிடாமலிருக்க அப்படி விதைத்தார். தினமும் போய்ப் பார்க்கிற வயல். நாம் பஸ் ஜன்னல் வழியாக வீசிவிட்டு கைதட்டிக்கொள்கிறோம். விழாவில் எத்தனை ஆயிரம் பந்து உருட்டினார்கள் என்று மைக்கில் சொன்னார்கள். போன வருஷம் வீசியதில் எத்தனை முளைத்தன என்று யாரும் சொல்லவில்லை. குழந்தைகளிடம் பத்து பந்து கொடுத்து, 'உன் தெருவிலேயே போடு, முளைத்தால் வந்து சொல்லு' என்றிருந்தால் அது வேறு பாடம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், கொஞ்சம் கசப்பாக இருக்கும். இந்த மேடைகளில் 'நம்ம பாட்டி காலத்தில்' என்று ஒரு பல்லவி அடிக்கடி வருகிறது. பாட்டி காலத்தில் அம்மி அரைத்தது யார்? உரலில் நெல் குத்தியது யார்? தாத்தா இல்லை. வயலில் சேற்றில் நின்று நாற்று நட்டவர்கள் பலருக்கு அந்த வயலும் சொந்தமில்லை, கூலியும் நியாயமில்லை. ஒரு வீட்டின் தற்சார்பு இன்னொருத்தர் முதுகில் ஏறி நின்றது. அந்தப் பகுதியை விட்டுவிட்டுச் சட்டியை மட்டும் திருப்பிக் கொண்டுவந்தால் நாளைக்கு அந்தச் சட்டியைத் தேய்க்கப்போவது யார் என்று உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள். சோப்பு பயிற்சியில் இருபது பெண்கள், மேடையில் நான்கு ஆண்கள் என்பதுதான் நான் பார்த்த காட்சி.

அதனால் அடுத்த தடவை இப்படி ஒரு விழாவுக்குப் போனால் (போகாமல் இருக்காதீர்கள், அவசியம் போங்கள்) மூன்று கேள்வி கேளுங்கள். போன வருஷம் இங்கே வாங்கிப் போனவர்கள் என்ன திருப்பிக் கொண்டுவந்தார்கள்? நான் இங்கே என் கையால் எதைச் செய்யப்போகிறேன்? அந்த வேலையை வீட்டில் யார் தலையில் கட்டப்போகிறேன்? மூன்றுக்கும் பதில் இருந்தால் அது திருவிழா. இல்லையென்றால் அதுவும் ஒரு கடைத்தெரு. கடைத்தெரு தப்பில்லை, பெயரை மட்டும் சரியாகச் சொல்லிவிடலாம்.

இதை எழுத உட்காருவதற்கு முந்தின வாரம், வெட்கப்பட்டுக்கொண்டு அந்த அவரைப் பொட்டலத்தைப் பிரித்தேன். ஒரு விவசாய நண்பர் சொன்னபடி பத்து விதையை எண்ணி ஈரத்துணியில் சுற்றி, துணி காயாமல் பார்த்துக்கொண்டேன். எத்தனை முளைக்கிறதோ அதுதான் விதையின் மார்க். எட்டுக்கு மேல் என்றால் தாராளமாக விதைக்கலாம். ஐந்துக்குக் கீழே என்றால் குழிக்கு இரண்டு மூன்றாகப் போட வேண்டும்.

ஆறாம் நாள் பிரித்துப் பார்த்தேன். மூன்று முளைத்திருந்தன.

மொட்டைமாடியில் பழைய பெயின்ட் டப்பாக்களில் மண் போட்டு வைத்திருக்கிறேன். அவரை பெரும்பாலும் தன் பூவிலேயே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும் பயிர். அதனால் விதை எடுக்கப் பழகுகிறவர்களுக்கு நல்ல தொடக்கம். நாலு காயைப் பறிக்காமல் கொடியிலேயே காயவிட்டால் அடுத்த வருஷத்து விதை தயார். தை மாசம் காய்த்தால் கீழ்வீட்டு அம்மாவுக்குப் பத்து விதை, எதிர் ஃபிளாட் தம்பிக்குப் பத்து விதை கொடுப்பதாக இருக்கிறேன்.

இலவசமாக இல்லை. அடுத்த வருஷம் ஆளுக்கு இருபதாகத் திருப்பித் தர வேண்டும். இரண்டு பேரிடமும் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.