கோவலன் மறைத்த கண்ணீர்

வைகாசிப் பொங்கலால் வற்றாப்பளையில் கண்ணகியை எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். சிலப்பதிகாரம் படிப்பிக்கையில் நான் தரித்து நிற்பது கோவலனிடம். கொலைக்களக் காதையில், சிலம்பு விற்கப் புறப்படுமுன் கண்ணகியைத் தழுவுகிறான். முட்டி வந்த கண்ணீரை அவள் காணாமல் மறைக்கிறான். பிறகு திரும்பி வரவேயில்லை. இளங்கோ நுட்பமாகக் கண்ட இடம். ஆனால், இதை ஆண்மை என்று புகழ எனக்கு மனமில்லை.

மகன் இப்றாஹீமின் உயிர் பிரிகையில் ரஸூலுல்லாஹ் (ஸல்) அழுதார்கள். நீங்களுமா என்று வியந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபிடம் அதை ரஹ்மத் என்றார்கள். மார்க்கம் தடுத்தது ஒப்பாரியை. 'ஆம்பிளை அழுறதா?' என்பது வெறும் ஊர்ப்பேச்சு.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட எங்கட வாப்பாமாரும் கோவலனைப் போலத்தான். நான் வாசித்த இடப்பெயர்வுக் கதைகளில் உம்மாமார் அழுகிறார்கள். வாப்பாமார் மூட்டை தூக்குகிறார்கள். அதை இறக்கிவைத்து அழும் ஒரு வாப்பாவை யாராவது எழுதுங்கள்.