படிக்க நேரம் ஏது, கார்னகி சார்?

பணக்காரனாகச் சாவது அவமானம் என்று ஒரு பெரிய பணக்காரரே எழுதினால், நாம் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவோம் இல்லையா? ஆண்ட்ரூ கார்னகி எழுதினார். 1889 ஜூனில், 'நார்த் அமெரிக்கன் ரிவ்யூ' பத்திரிகையில். கட்டுரைக்கு 'செல்வம்' என்று ஒற்றை வார்த்தையில் தலைப்பு. பிற்பாடு 'செல்வத்தின் சுவிசேஷம்' என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் ஏதாவது ஒரு கோடீஸ்வரர் சொத்தை தானம் செய்கிறேன் என்று கிளம்பினால், இந்தக் கட்டுரையைத்தான் தூசு தட்டி எடுப்பார்கள்.

சமீபத்தில் மறுபடி படித்தேன். மனுஷன் நன்றாகவே எழுதுகிறார். பிள்ளைகளுக்குச் சொத்து சேர்த்து வைப்பது அவர்களுக்கு நல்லதில்லை. உயில் எழுதிவைத்துவிட்டுப் போவதில் பெரிய புண்ணியம் இல்லை, உயிரோடு இருக்கும்போதே ஊருக்குக் கொடுத்துவிட வேண்டும். பெரிய சொத்தை விட்டுவிட்டுச் செத்தால் அரசாங்கம் கனமாக வரி போடட்டும். சொல்வது ஒரு முதலாளி, கவனியுங்கள்!

சொல்வதற்கு அவருக்குத் தகுதியும் உண்டு. ஸ்காட்லாந்தில் கைத்தறி நெசவாளியின் மகன். விசைத்தறி வந்து அப்பாவின் பிழைப்பைக் கெடுக்க, 1848ல் குடும்பம் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. பையனுக்குப் பஞ்சாலையில் முதல் வேலை, வாரத்துக்கு 1 டாலர் 20 சென்ட். பிறகு தந்தி ஆபீஸ், ரயில்வே, இரும்பு, எஃகு. அந்தத் தந்திப் பையன் காலத்தில் கர்னல் ஆண்டர்சன் என்பவர் தன் சொந்தப் புத்தகங்களை, சுமார் 400 இருக்கும், உழைக்கும் பையன்களுக்குச் சனிக்கிழமைதோறும் இரவல் கொடுத்தார். கார்னகி பின்னாளில் ஊர் ஊராக லைப்ரரி கட்டியதற்கு விதை அதுதான்.

எல்லாம் சரி. கட்டுரையில் ஒரு இடத்தில் எனக்கு இடறுகிறது. பெரிய தொகையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துப் பலருக்குக் கொடுத்தால், கூலியாகவே கொடுத்தாலும், வாய்க்கும் வயிற்றுக்கும் பாதி கரைந்துவிடுமாம். ஒருத்தர் கையில் சேர்ந்து, அவர் யோசித்துச் செலவழித்தால்தான் சமூகத்துக்கு லாபமாம். பச்சையாகச் சொன்னால், 'உன் கூலியில் கொஞ்சம் என்னிடமே இருக்கட்டும். உனக்கு என்ன தேவை என்று உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.'

பணத்தை எப்படிக் கொடுப்பது என்பதற்குப் பக்கம் பக்கமாக யோசனை. எப்படி வந்தது? 'போட்டி என்பது இயற்கை விதி, தனி மனிதனுக்குக் கஷ்டம்தான், இனத்துக்கு நல்லது' என்ற ரீதியில் சீக்கிரமே தாண்டிவிடுகிறார்.

மூன்றே வருஷத்தில் அந்த விதி அவருடைய ஆலை வாசலுக்கே வந்தது. பிட்ஸ்பர்க் பக்கத்தில், மொனாங்கஹேலா ஆற்றங்கரையில், ஹோம்ஸ்டெட் எஃகு ஆலை. சுமார் 3,800 தொழிலாளர்கள். 1892 ஜூன் முடிவில் யூனியனோடு போட்ட ஒப்பந்தம் முடிகிற சமயம், நிர்வாகி ஹென்றி ஃப்ரிக் கூலியைக் குறைப்பேன் என்றார். யூனியன் மாட்டேன் என்றது. ஆலையைச் சுற்றி வேலி, அதன்மேல் முள்கம்பி, கதவடைப்பு. ஜூலை 6 விடிவதற்குள், பிங்கர்டன் என்ற தனியார் கம்பெனியின் 300 ஆட்கள் துப்பாக்கிகளோடு இரண்டு படகுகளில் வந்தார்கள். கரையில் தொழிலாளர்கள் காத்திருந்தார்கள். பகல் முழுக்கச் சண்டை. இரண்டு பக்கமும் சேர்த்துக் குறைந்தது பத்துப் பேர் செத்தார்கள். அப்புறம் கவர்னர் 8,000க்கும் மேற்பட்ட படையினரை அனுப்பினார். நவம்பரில் யூனியன் தோற்றது. பெரிய எஃகு ஆலைகளில் அது மறுபடி காலூன்ற 1930கள் வரை ஆயிற்று.

கார்னகி எங்கே? ஸ்காட்லாந்தில் ஓய்வில்! அவர் இறந்தபின் 1920ல் வந்த சுயசரிதையில், அந்தச் சமயம் தான் ஊரில் இல்லாமல் போனதைச் சொல்லி வருந்துகிறார். ஆனால், இனி இங்கே யூனியன் கிடையாது என்ற அறிவிப்பை அந்த ஏப்ரலிலேயே எழுதி ஃப்ரிக்குக்கு அனுப்பியவரும் அவர்தான். தொழிலாளர் சங்கம் சேரும் உரிமையை 1886ல் ஆதரித்து எழுதியவரும் அவரேதான்.

1898ல் அதே ஊருக்கு ஒரு லைப்ரரி வந்தது. கார்னகி உபயம். நீச்சல்குளம், இசை அரங்கம் எல்லாம் உண்டு. ஆலையிலோ 12 மணி நேர ஷிஃப்ட். பன்னிரண்டு மணி நேரம் உலை முன்னால் வெந்துவிட்டு வருகிறவன் எப்போது புத்தகத்தைத் தொடுவான்? எஃகுத் தொழிலில் அந்த ஷிஃப்ட் ஒழிய 1923 ஆயிற்று.

'பசுவைக் கொன்று செருப்பு தானம்' என்று பழமொழி சொல்லி முடித்துவிடலாம். அது நியாயமில்லை. உலகம் முழுக்க 2,500க்கு மேல் லைப்ரரிகள். சாவதற்குள் சுமார் 35 கோடி டாலர், சொத்தில் ஏறக்குறைய 90 சதவீதம், கொடுத்துவிட்டார். சொன்னதைச் செய்தவர். அவருடைய தானத்தில் எனக்குக் குறை இல்லை. கட்டுரையில்தான் குறை. தொழிலாளிக்குப் புத்தகம் கொடுக்கத் தெரிந்தவர், அதைப் படிக்க அவனுக்குச் சாயங்காலமும், தன் கூலியைத் தானே செலவழிக்கும் மரியாதையும் வேண்டும் என்று ஒரு வரி எழுதவில்லை.

அடுத்த தடவை யாராவது பெருந்தொகை தானம் செய்ததாகப் பேப்பரில் படித்தால் தாராளமாகக் கைதட்டுங்கள். தட்டிவிட்டு, அவர் கம்பெனியில் வேலை பார்ப்பவர் ராத்திரி எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார் என்றும் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.