போட்டி மேடையில் புதுப் பாட்டு

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளை ஆராயப் புகுவோர் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது, அங்கே போட்டியிடுவது பாட்டா, பாடுகிறவரா என்பதுதான். 1956இல் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் 7 தேசங்கள், தேசத்துக்கு இரண்டாக 14 பாட்டுகளை மேடையேற்றித் தொடங்கிவைத்த யூரோவிஷன் போட்டியில் பரிசு பாட்டுக்கே உரியது. பாட்டு புதியதாக இருக்க வேண்டும், மூன்று நிமிஷத்தைத் தாண்டக் கூடாது, மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கலாகாது என்று இன்றும் விதிகள் வகுத்திருப்பதோடு, எழுதினவர் பெயரையும் இசையமைத்தவர் பெயரையும் திரையில் காட்டுவதும் அங்கே சம்பிரதாயம். நம்மிடையே 2006இல் விஜய் தொலைக்காட்சி ஆரம்பித்து, கடல் கடந்த தமிழர்களையும் மேடைக்கு அழைத்து, ஏறக்குறையத் தமிழுலகம் முழுவதற்குமான போட்டியாகிவிட்ட 'சூப்பர் சிங்க'ரிலோ பாட்டு ஏற்கெனவே சினிமாவில் பிரசித்தி பெற்றது. அதை யார் நன்றாகப் பாடுகிறார் என்பதே பரீட்சை.

அந்தப் பரீட்சையைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. சங்கீத வித்வான்களின் வீட்டில் பிறக்காத எத்தனையோ பிள்ளைகளுக்கு அது கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. ஆயினும் இரவல் பாட்டின் எல்லை எதுவென்று காண, 2015 பிப்ரவரியில் நடந்த சூப்பர் சிங்கர் இளையோர் இறுதிச் சுற்றையும், 2016இல் ஸ்டாக்ஹோமில் நடந்த யூரோவிஷனையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். கனடாவிலிருந்து வந்த ஈழத் தமிழ்ச் சிறுமி ஜெசிகா, 2002இல் வெளியான 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் நாட்டைப் பிரிவோர் பாடும் பாட்டை அந்த மேடையில் பாடியபோது, தேசம் இழந்து சிதறிய ஒரு ஜனசமூகத்தின் துயரம் அரங்கத்தை நிறைத்தது. இரண்டாம் பரிசாகக் கிடைத்த தங்கத்தைத் தமிழகத்திலும் ஈழத்திலும் உள்ள அநாதைக் குழந்தைகளுக்கு அளிப்பதாக அவர் அறிவித்ததை இன்றும் நினைவுகூர்வோர் உண்டு. ஸ்டாக்ஹோமிலோ, 1944இல் ஸ்டாலின் ஆட்சி கிரீமியத் தாத்தாரியரைக் குடிபெயர்த்து விரட்டிய கொடுமையை உக்ரைன் பாடகி ஜமாலா தாமே புதிதாகப் பாட்டாக்கி, அந்த ஆண்டையே அதற்குப் பெயராகச் சூட்டி, பல்லவியைத் தம் முன்னோர் மொழியில் பாடினார். நடுவர்கள் ஆஸ்திரேலியாவை முதலில் வைத்தனர். ஜனங்களின் வாக்கு ரஷ்யாவை முதலில் வைத்தது. இரண்டிலும் இரண்டாவதாக வந்த ஜமாலாவின் பாட்டு, கூட்டுத்தொகையில் 534 மதிப்பெண் பெற்று வென்றது. துயரத்தின் ஆழத்தில் இவ்விரு பெண்களுக்கும் ஏற்றத்தாழ்வு கற்பிக்க என் மனம் ஒப்பாது. ஆனால் ஜெசிகாவின் குடும்பக் கதைக்கென்று ஒரு பாட்டை இயற்றும் உரிமையை நம் போட்டி விதி அவருக்குக் கொடுக்கவில்லை என்பது எனக்குத் தீராத குறை.

இக்குறை மிகக் கூர்மையாகத் தெரிவது வடசென்னையிலிருந்து பார்க்கும்போதுதான். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் வழங்கும் கானாப் பாட்டின் ஜீவனே, அந்தச் சந்தர்ப்பத்துக்கென்று அப்பொழுதே கட்டப்படுவதில் இருக்கிறது. கல்மண்டபத்துப் பக்கம் ஒரு சாவு வீட்டுப் பந்தலில், டோலக்கைத் தட்டிக்கொண்டு விடிய விடியப் பாடுகிறவர், இறந்தவர் பேர் என்ன, ஹார்பரில் என்ன வேலை பார்த்தார், கட்டிக்கொடுக்காமல் விட்டுப்போன மகள் யார் என்று பக்கத்தில் இருப்பவரிடம் காதோடு கேட்டுக்கொண்டு, அடுத்த அடியிலேயே அதை வைத்துப் பாடுவார். அது காதில் விழுந்த கணத்தில் அதுவரை அடக்கிக்கொண்டிருந்த பெண்கள் வாய்விட்டு அழுவார்கள். மெட்டு பெரும்பாலும் பழகின மெட்டுத்தான், சில வேளை சினிமா மெட்டுங்கூட; சொல்லோ அன்றைக்கு, அந்த வீட்டுக்கு மட்டும் உரியது.

இப்படிப்பட்ட கலை போட்டி மேடைக்கு வராமலும் இல்லை. 2018இல் தொடங்கிய இளையோர் பருவத்தில் பூவையார் என்ற சிறுவன் கானா பாடி ஜனங்களைக் கவர்ந்து, மறு வருஷமே 'பிகில்' படத்தில் விஜய்யோடு சேர்ந்து பாடினான். 2018இல் முதற்பரிசு பெற்ற செந்தில் கணேஷும் அவர் மனைவி ராஜலட்சுமியும் நாட்டுப்புறப் பாட்டைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் பாடிய 'சின்ன மச்சான்' பிறகு 'சார்லி சாப்ளின் 2' படத்தில் இடம்பெற்றது. இவ்விரு திருஷ்டாந்தங்களிலும் மேடை காட்டிய மரியாதை வழக்கத்துக்கு விலக்கான ஒரு சலுகையாகவே இருந்தது.

ஆகையால் புதுப் பாட்டுகள் மேடைக்கு வெளியிலேயே பிறந்தன. 2017 ஜனவரியில் வெளியான 'பொறம்போக்கு' பாடல், கேபர் வாசுகி சென்னைத் தமிழில் எழுத, ஆர். கே. ஸ்ரீராம்குமார் ராகமாலிகையாக அமைக்க, டி. எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாடியது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்த அந்த நீரைப் பின்னணியாகக் கொண்டு ஆனந்தபைரவி முதலிய ராகங்களைக் கேட்டவர்களுக்கு, கர்நாடக சங்கீதம் இந்தக் கரைக்கும் சொந்தம் என்ற எண்ணம் எழுந்திருக்கும். அடுத்த ஆண்டு ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் அரங்கேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற கோஷ்டியை இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் கூட்டினார்கள். ஆண்களே பாடிவந்த கானாவை அதில் துணிந்து பாடிய ராயபுரத்து இசைவாணியை, 2020இல் பி.பி.சி. உலகின் நூறு பெண்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது. எந்த நடுவரும் மதிப்பெண் இடாத பாட்டுகள் இவை.

இத்தகைய பாட்டுகளுக்கு நம் போட்டி இடம் தர, பருவத்துக்கு ஒரு சுற்றையாவது சொந்தப் பாட்டுக்கென ஒதுக்கி, மூன்று நிமிஷ வரையறை வைத்து, எழுதினவர் பெயரைத் திரையில் காட்டி, பாட்டுக்கும் குரலுக்கும் தனித்தனியே மதிப்பெண் இட்டால் போதும். காசிமேட்டிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வரும் பாட்டுகளுக்குப் பஞ்சம் இராது. அந்தச் சுற்றின் நடுவர்களில் ஒருவர் கானாப் பாடகராக இருத்தல் அவசியம். மெட்டு பழையதாயிருக்க, சொல் மட்டும் அங்கேயே பிறந்ததா, வீட்டிலிருந்து மனப்பாடம் செய்து கொண்டுவந்ததா என்று கண்டுபிடிக்கும் காது அவருக்கு உண்டு.