விடலைக்கென எழுதப்படாத விடலை நாவல்: ‘கொரில்லா’வும் வாசக வயது என்னும் சிக்கலும்

ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ 2001இல் வெளிவந்தது. போர் நாவல், அகதி நாவல், இயக்க விமர்சன நாவல் என அதனைப் பலவாறு வகைப்படுத்தியிருக்கிறோம். அது இயக்கத்திற்குப் போன ஒரு பதின்வயதுப் பையனின் கதை என்பதை எவரும் மறுக்கார்; எனினும் அதனையே வாசிப்பின் மையமாகக் கொண்டோர் அரியர். இளையோர் புனைவுக்கும் முதிர்ந்தோர் புனைவுக்கும் இடைப்பட்ட கோடு தமிழில் எங்கே, யாரால் வரையப்படுகிறது என்ற வினாவை இந்நாவலை முன்னிறுத்தி எழுப்ப இக்கட்டுரை முற்படுகிறது.

பருவங்களுக்குப் பெயரிடத் தமிழ் என்றும் தயங்கியதில்லை. உலா இலக்கியத்தின் எழுவகைப் பெண்பாற் பருவங்களை நாம் அறிவோம். ஆண்பாலுக்கும் பாட்டியல் நூலார் பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன் என வரிசை வகுத்தனர். அவ்வரிசையில் மறவோன் பதினான்கு வயதினன். ஈழப்போரைக் கண்ட தலைமுறைக்கு இது வெறும் இலக்கணச் செய்தியாக இராது. ஆயினும் இவையெல்லாம் பாடப்படுவோரின் பருவங்கள். கேட்போரின் பருவங்கள் அல்ல. நம் காலத்து நிறுவனங்களும் இவ்வகையில் வேறுபட்டனவாகத் தெரியவில்லை. சாகித்திய அக்காதெமி 2010 முதல் சிறுவர் இலக்கியத்திற்கும், 2011 முதல் 35 வயதுக்குட்பட்ட எழுத்தாளருக்கும் தனி விருது அளித்து வருகிறது. முன்னது சிறுவரை வாசகராகக் கொள்கிறது. பின்னது எழுதுபவரின் வயதைக் கணக்கிடுகிறது. பதினாறு வயது வாசகர் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறார்.

பிரான்சில் நிலைமை வேறு. 1949 ஜூலை 16ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டம் இளையோருக்கான வெளியீடுகளைத் தனி வகையாக்கி, அவற்றைக் கண்காணிக்க ஓர் ஆணையத்தையும் அமைத்தது. இங்கு கோடு சட்டத்திலும் உண்டு, புத்தகக் கடையின் அடுக்கிலும் உண்டு. அது அழிந்துபோகும் இடங்களுள் ஒன்று நம் பொருளுக்கு மிக அணுக்கமானது. ‘கொரில்லா’வுக்கு ஓராண்டு முன், 2000இல், ஐவரி கோஸ்ட் எழுத்தாளர் அமது குருமா, லைபீரிய, சியரா லியோன் போர்களில் அலைந்த பிராகிமா என்னும் சிறுவர் படையாளின் குரலில் ஒரு நாவலை வெளியிட்டார். ‘அல்லாவுக்குக் கடப்பாடு இல்லை’ எனப் பொருள்படும் தலைப்பைக் கொண்ட அந்நூல் ஜிபூத்தியின் சிறுவர்களுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. அவர்கள் கேட்டதனாலேயே எழுதியதாக ஆசிரியர் அங்கு குறிப்பிடுகிறார். பதிப்பித்தவர்களோ அதனை முதிர்ந்தோர் நாவலாகவே வெளியிட்டனர். அவ்வாண்டின் ரெனோதோ பரிசு அதற்குக் கிடைத்தது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களே வாசித்து, விவாதித்து, வாக்களித்து வழங்கும் கொன்கூர் பரிசும் அதற்கே கிடைத்தது. கொலையும் வன்புணர்வும் வசையும் நிறைந்த ஒரு நூலைப் பதினேழு வயதினர் தம்முடையது என்று தெரிவு செய்தனர். அவர்களுக்காக எவரும் அதனைச் சுருக்கவில்லை.

இனி ‘கொரில்லா’வின் அமைப்பைக் காண்போம். பிரெஞ்சு அரசிடம் தஞ்சம் கோரும் விண்ணப்பத்துடன் நாவல் தொடங்குகிறது. விண்ணப்பமொழி முதிர்ந்தோரின் மொழி: பணிவும் கணக்கும் நிறைந்தது, அதிகாரியின் மேசையை நோக்கிப் பேசுவது. அதன் பின்னரே கொரில்லா எனப் பட்டப்பெயர் பெற்ற ஊர்ச்சண்டியரின் மகனாகிய பையன், ரொக்கிராஜ் என்னும் இயக்கப் பெயருடன் நம்முன் வருகிறான். தகப்பன்மீதுள்ள வெட்கம், வீட்டிலிருந்து தப்பும் வேட்கை, புதுப் பெயர் தரும் பெருமிதம் ஆகியவை எந்நாட்டு விடலைக் கதைக்கும் உரியவை. போரின் அரசியலை மட்டும் தேடும் வாசிப்பு இவற்றைப் பின்னணியாக ஒதுக்கிவிடுகிறது. என் கருத்தில் நாவலின் வலிமை இங்கேதான் இருக்கிறது. பையன் இயக்கத்துக்குப் போவதைக் கொள்கையாகவும் பலியாகவும் காட்டுவது எளிது; தகப்பனிடமிருந்து விலகப் புறப்பட்டவன் வேறொரு தகப்பனதிகாரத்திடம் போய்ச் சேர்வதாகக் காட்டியிருப்பது அரிது. வயது பற்றிய கோடு இங்கு நூலுக்கு உள்ளேயே ஓடுகிறது: முதிர்ந்தவனின் மனுவுக்குள் பையனின் வாழ்வு அடைபட்டுக் கிடக்கிறது. 1989இன் சிறுவர் உரிமைச் சாசனம் படைச்சேர்ப்புக்குப் பதினைந்து வயதை எல்லையாக்கியது; 2000ஆம் ஆண்டின் இணைப்பு நெறிமுறை ஆயுதக் குழுக்களுக்கு அதனைப் பதினெட்டாக உயர்த்தியது. சட்டமே தயங்கிய அந்த மூன்றாண்டு இடைவெளியை நாவல் தன் களமாக்கிக்கொண்டது எனலாம்.

இச்சிக்கல் வெறும் வகைப்பாட்டுச் சிக்கலன்று என்பதை லாச்சப்பலில் உணரலாம். ஃபோபூர் சென் தெனி வீதியில் தமிழ் நூல் விற்கும் இடத்தில் ஆத்திசூடியும் படக்கதைகளும் கிடைக்கும்; அப்பால் தடித்த நாவல்கள் இருக்கும். அவ்வீதியில் பெற்றோருடன் அரிசி வாங்க வரும் பதினைந்து வயதினர்க்கு முன்னவை வயது கடந்தவை. பின்னவை தமக்குரியவை என எவரும் அவர்களிடம் சொல்லவில்லை. அவர்தம் தந்தையர் பலர் அதே வயதில் கடந்து வந்த வாழ்வு அந்நூல்களில் இருக்கிறது. வீட்டில் அது பேசப்படுவதும் அரிது. ஷோபாசக்தியின் ‘இச்சா’ 2022இல் பாரிஸின் ஸுல்மா பதிப்பகத்தால் பிரெஞ்சில் வெளியிடப்பட்டது. இப்பிள்ளைகளுட் சிலர் அவரை முதலில் அம்மொழியிலேயே வாசிக்கக்கூடும்.

இரு மறுப்புகள் எழலாம். வன்முறையும் கொச்சையும் மாணவர்க்கு ஆகா என்பது ஒன்று; பதின்வயதில் துவக்கு ஏந்தியோரின் கதையைப் பதின்வயதினரிடமிருந்து மறைப்பது விந்தையான ஒழுக்கம் என்பதற்கு மேல் இதற்கு விடை தேவையில்லை. மற்றது வலுவானது: ‘இளையோர் நாவல்’ என்னும் முத்திரை இந்நூலின் முனையை மழுக்கி, பாடநூற் பண்டமாக்கிவிடும். இதனை ஏற்கிறேன். ஆகவே தனிப் பதிப்போ சுருக்கமோ வேண்டா. பதினாறு வயது வாசகரை உடன் வைத்து இருக்கும் நூலையே கற்பிக்க வேண்டும். அதற்கான வசதியை நூலே தருகிறது. பிராகிமா அகராதிகளைப் புரட்டிச் சொற்பொருள் கூறிச் செல்வதைப் போலவே ‘கொரில்லா’வும் அடிக்குறிப்புகளோடு நடக்கிறது. 2001இல் ஈழத்து வாசகர் பலர் அவற்றைத் தாண்டிச் சென்றிருப்பர். தமக்குத் தெரிந்த செய்திதானே. பாரிஸில் பிறந்தவர் இன்று அந்நாவலை அடிக்குறிப்பிலிருந்து மேல்நோக்கி வாசிக்க வேண்டியிருக்கும்.